வெள்ளைத் துணி மட்டும் விழுந்த படம்

வடலூரைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். வள்ளலாரைப் படம் பிடிக்க சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்ற போட்டோகிராபர் வரவழைக்கப்பட்டார். எட்டு முறை எடுத்துப் பார்த்தார். எட்டு முறையும் உடுத்தியிருந்த வெள்ளைத் துணி விழுந்ததே தவிர உடம்பு விழவில்லை. ஒளியுடம்புக்கு நிழல் கிடையாது, அதனால்தான் விழவில்லை என்று பக்தர்கள் முடிப்பார்கள். இன்னொரு தரப்பு, இதெல்லாம் பின்னாடி கட்டிவிட்ட கதைப்பா என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வடலூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தைப்பூசத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதையை இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன். எனக்கு இரண்டு முடிவுமே அவசரமாகப் படுகிறது. ஆரம்பகாலப் புகைப்படக்கலையின் வேதியியல் கொஞ்சம் தெரிந்தபிறகு கதையின் நடுவில் இருக்கிற அந்த ஒரு விவரம் என்னை விடவில்லை. துணி விழுந்தது, உடம்பு விழவில்லை. கட்டுக்கதை சொல்கிறவர் ஒன்றுமே விழவில்லை என்றுதானே சொல்வார்? துணியை எதற்கு விட்டுவைக்க வேண்டும்?

1850களிலிருந்து 1870களின் கடைசிவரை ஸ்டூடியோக்களில் வழக்கத்தில் இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். இந்தத் தகடு எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்க்காது. நீலத்தையும் ஊதாவையும் பளிச்சென்று வாங்கிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நீலவானம் வெறும் வெள்ளையாகிவிடும், மாநிற முகம் நிஜத்தைவிடப் பல மடங்கு கறுத்துவிடும். தலையிலிருந்து கால்வரை வெள்ளாடை போர்த்திய ஒரு மாநிறத்தவரை இந்தத் தகட்டின் முன் நிறுத்தினால், துணிக்குச் சரியாக ஒளி வைத்தால் முகம் இருளில் போகும். முகத்துக்குச் சரியாக வைத்தால் துணி கொதித்து வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடும்.

அதனால் வள்ளலாருக்கு இப்படித்தான் நடந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஐரோப்பிய முகங்களை மனதில் வைத்து வளர்ந்த ஒரு கருவியின் முன்னால் உட்கார்ந்த ஏராளமான தமிழர்களுக்கு இது நடந்திருக்கும். கையில் வாங்கிப் பார்த்தால் வேட்டி இருக்கிறது, துண்டு இருக்கிறது, ஆள் இல்லை. அந்தக் கதைக்குள் அந்த அனுபவம் பத்திரமாக இருக்கிறது என்பது என் வாசிப்பு.

வள்ளலார் எப்படி இருந்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சி உண்டு, அது படம் இல்லை. அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882ல் பிரம்மஞான சபையாருக்குக் கொடுத்த வாக்குமூலம். அதில் அவர் தன் குருவை நடுத்தர உயரம், எலும்புக்கூடு என்று தோன்றும் அளவுக்கு மெலிந்த உடம்பு, ஆனாலும் உறுதி, வேகமான நடை, தெளிந்த மாநிறம், நேரான மெல்லிய மூக்கு, கனலும் பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம் என்று வரைந்துகாட்டுகிறார். உடை இரண்டே இரண்டு வெள்ளைத் துணி. யோகிகள் வழக்கமாகச் செய்யாத ஒன்றாக, காலில் செருப்பு. எனக்கு அந்தச் செருப்பு முக்கியம். துதி பாடுகிறவர் செருப்பைப் பற்றிப் பேசமாட்டார், பார்த்தவர்தான் பேசுவார். இன்று வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிற வள்ளலார் படம் ஓவியர்களின் கற்பனை. முகம் கொழுகொழுவென்று, அமைதியாக, சிவந்த நிறமாக இருக்கும். வேலாயுத முதலியாரின் நாலைந்து வரியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு யாரோ.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமா, அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பார் என்கிற நம்பிக்கை இப்போது நம்மிடையே ரொம்ப வலுவாக இருக்கிறது. பழைய மெட்ராஸ், பழைய மதுரை என்று பக்கம் பக்கமாகப் படங்கள் ஓடுகின்றன, சிலவற்றுக்கு வண்ணம்கூடப் பூசிவிடுகிறார்கள். நெய்வேலிக்காரனுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல். எங்கள் ஊரில் பழைய படம் என்றால் 1957ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, அப்புறம் ராட்சத இயந்திரங்கள். நிறுவனமே 1956ல்தான் வந்தது. வட்டம் வட்டமாகக் கோடு போட்டுக் கட்டிய ஊருக்கு அதற்கு முந்தைய முகம் கிடையாது. அதனால் தென்னார்க்காடு, மெட்ராஸ் மாகாணம் என்று தலைப்பிட்ட எந்தப் பழுப்புப் படத்தைப் பார்த்தாலும் நம்ம தாத்தாவுக்குத் தாத்தா இதில் எங்காவது நிற்பாரா என்று கண் தேடும். அந்தத் தேடலில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர் நம் தாத்தாவைத் தேடிப் போகவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

லின்னேயஸ் டிரைப்பை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர், ராணுவ கேப்டன். 1857 டிசம்பரில் புறப்பட்டு 1858 ஏப்ரல்வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். வெறும் உழைப்பாகப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எழுத்து எழுத்தாக வாசிக்கலாம். ஆவணம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள வேலை என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதே டிரைப்பின் மதுரையைப் பாருங்கள். பெரும்பாலும் ஆளே இல்லை. மதுரைக் கோயிலில் ஆள் இல்லாத பகல் என்று ஒன்று உண்டா? காகித நெகட்டிவுக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும், நடந்து போகிறவர்கள் கரைந்துபோவார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அரசாங்கம் கேட்டது பழங்காலக் கட்டடங்களை. வடக்கே 1857 கலகத்தின் சூடு ஆறாத மாதங்களில் தெற்கே இப்படி ஆளில்லாத, அமைதியான, இடிபாடுகளின் நாடு ஒன்று படமாகிறது. அவருடைய வானத்து மேகங்கள் சிலவும் மரத்து இலைகள் சிலவும் நெகட்டிவில் தூரிகையால் சேர்க்கப்பட்டவை. வானம் வெள்ளையாக விழுந்துவிடுகிறது, வேறென்ன செய்வார். கடைசியில் கவர்னர் டிரெவெலியன் வந்து, இது அரசாங்கத்துக்குத் தாங்காத ஆடம்பரம் என்று திட்டத்தையே மூடிவிட்டார். டிரைப் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படங்களை வைத்துக்கொண்டு அந்தக் கால மதுரை எவ்வளவு அமைதியா இருந்திருக்கு பாருங்க என்று எழுதுகிறவர்கள் மேல்தான் கோபம்.

ஆட்களைப் படமெடுத்தவர்கள் வேறு ஒரு கூட்டம். 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வந்த 'த பீப்பிள் ஆஃப் இந்தியா' 468 படங்கள் கொண்டது. சாதி, இனக்குழு, தொழில் என்று வகை பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் இந்த வகையினர் எப்படிப்பட்டவர்கள், நம்பலாமா கூடாதா என்கிற தொனியில் குறிப்பு. படத்தில் இருக்கிறவருக்குப் பெயர் இருந்தால் அது விதிவிலக்கு. அவர் ஒரு மாதிரிச் சரக்கு, அவ்வளவுதான். இந்தத் தொகுதிகளுக்குப் படம் கொடுத்தவர்களில் ஒருவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி.

ஹூப்பரின் பெயர் தெரியாவிட்டாலும் அவர் படத்தை நீங்கள் பாத்திருப்பீங்க. விலா எலும்பை எண்ணக்கூடிய உடம்புகள், இடுப்பில் ஒரு கந்தல், சிலர் உட்கார்ந்து சிலர் நின்று, நடுவில் வயிறு ஊதிய குழந்தைகள். 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் படங்கள். புத்தக அட்டைகளில் வருகின்றன, மீம்களில் வருகின்றன, பாதி நேரம் 1943 வங்கப் பஞ்சம் என்ற தலைப்போடு வருகின்றன. எனக்கே வாட்சப்பில் அப்படி வந்தது. இது வங்கம் இல்லை, நம்ம மாகாணம், அறுபத்தைந்து வருடம் முந்தியது என்று பதில் போட்டேன். "எல்லாம் பஞ்சம்தானே தம்பி" என்று வந்தது. அந்தப் பதிலில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்தப் படமே அப்படி ஒரு பதிலைத்தான் நம்மிடம் எதிர்பார்க்கிறது. ஊர் இல்லை, பெயர் இல்லை, வீடு இல்லை. வெறும் உடம்பு.

படத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒழுங்கு. பின்வரிசை, முன்வரிசை, இரண்டு பக்கமும் சமம். கல்யாண வீட்டு குரூப் போட்டோவின் அமைப்பு. எலும்பும் தோலுமானவர்கள் தாங்களாக இப்படி வந்து உட்கார மாட்டார்கள். யாரோ கையைப் பிடித்து நகர்த்தியிருக்கிறார்கள், ஆடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். பசி மயக்கத்தில் இருப்பவர் சில விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, தகட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும், நல்ல தண்ணீர், நிறைய. மழை பொய்த்த நாட்டில் அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வந்து கூடாரத்துக்குள் போயிருக்கிறது. அச்சிட்ட காகிதத்தில் பூசியிருப்பது முட்டையின் வெள்ளைக்கரு. இதையெல்லாம் படம் காட்டாது, படத்தின் பொருளே சொல்லும்.

அடுத்து தலைப்பு. ஒரு படத்துக்கு வைக்கப்பட்ட பெயரைத் தமிழில் சொன்னால், இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள். நான் இந்தப் படங்களைப் படிக்கும் விதத்தை மாற்றியது இந்தத் தலைப்புதான். அப்போது நிவாரணம் இரண்டு வகை. உடம்பில் தெம்பு இருப்பவர் நிவாரண முகாமில் மண் வெட்ட வேண்டும், ரோடு போட வேண்டும். வேலைக்கே லாயக்கில்லை என்று அதிகாரி முடிவுசெய்தவருக்கு மட்டும்தான் இலவசக் கஞ்சி. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், இதைத் தின்று மனிதன் வேலை செய்ய முடியாது என்று எழுத்தில் சண்டை போட்டார். வைஸ்ராய் லிட்டனோ 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். மாகாணத்திலிருந்து தானியம் கப்பல் ஏறுவதும் நிற்கவில்லை. பஞ்சம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள்.

அப்படியென்றால் 'தகுதியானவர்கள்' என்பது அனுதாபச் சொல் இல்லை. அது ஆபீஸ் சொல். யாருக்குக் கஞ்சி, யாருக்கு மண்வெட்டி என்று பிரிக்கும் கண் எதுவோ அதே கண்ணால்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. மக்கள் தொகுதிகளுக்கு வகை பிரித்துக் கொடுத்த அதே பழக்கம். இங்கே வகை சாதி இல்லை, மெலிவின் அளவு. எலும்பு தெரிய வேண்டும், அதுதான் அத்தாட்சி. எலும்பு இன்னும் தெரியாதவன் பசி கணக்கில் வராது, அவன் படத்திலும் இல்லை. பஞ்சம் என்பது நாம் இந்தப் படங்களில் காண்கிற கடைசிக் கட்டம் மட்டுமா? விதைநெல்லைத் தின்றது, மாட்டை விற்றது, கதவைப் பெயர்த்து விற்றது, ஊரைவிட்டு நடந்தது, கப்பலேறியது என்று அதற்கு முன்னால் எத்தனையோ மாதங்கள். அந்த மாதங்களில் கேமராவுக்கு வேலை இல்லை.

ஹூப்பர் கொடூரமானவரா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது, ஏனென்றால் அவரே பின்னாளில் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தார். 1886ல் மண்டலேயில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது பர்மியக் கைதிகள் சுட்டுக்கொல்லப்படுவதைப் படமெடுத்தார். கேமரா தயாராகும்வரை சுடும் கட்டளையை நிறுத்திவைத்தார் என்று லண்டன் டைம்ஸில் செய்தி வந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, கண்டிக்கப்பட்டார். ஆனால் இதை வைத்து அவரை அரக்கனாக்கிவிட்டால் நமக்கு வசதியாகிவிடுகிறது. ஆள் கெட்டவன், படம் உண்மை என்று சொல்லிவிட்டு அதே படத்தை ஷேர் பண்ணலாம். என் சிக்கல் ஆளைப் பற்றியது இல்லை. நல்ல மனம் கொண்ட ஒருவர் அதே நிவாரண முகாமில் அதே தகுதிப் பட்டியலோடு நின்றிருந்தால் வேறு படமா எடுத்திருப்பார்?

ஒரு எதிர்வாதத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்தப் படங்கள் இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்? அன்று பத்திரிகையில் புகைப்படத்தை நேரடியாக அச்சிட வழியில்லை. பஞ்சப் படங்களைப் பார்த்து மரச்செதுக்கோவியம் செய்து 1877ல் லண்டன் சித்திரப் பத்திரிகைகள் வெளியிட்டன. அங்கே பொதுமக்களிடம் நிதி திரண்டது. அந்தப் பணத்தில் இங்கே யாரோ பிழைத்திருப்பார்கள். இன்றும் காலனி ஆட்சி ரயிலும் பள்ளிக்கூடமும் கொடுத்ததே என்று பேசுகிறவர் முன்னால் எடுத்துவைக்க இதைவிட வலுவான காகிதம் நம்மிடம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். சாட்சி வேண்டுமென்றால் ஹூப்பரைக் கூப்பிடலாம். வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமென்றால் அவர் ஆள் இல்லை.

அதற்கு நான் மறுபடி வடலூருக்குத்தான் போவேன். 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது அங்குள்ளவர்களின் வழக்கு. பெரும் பஞ்சத்துக்குப் பத்து வருடம் முன்னால் நடந்தது இது. பஞ்சமும் பசியும் அதற்கு முன்பே இந்தப் பக்கத்துக்குப் பழக்கம்தான். அந்தக் காலத்தில் அவர் எழுதிய உரைநடை ஜீவகாருண்ய ஒழுக்கம். பள்ளிக்கூடத்தில் அதை நமக்கு ஒரு நீதி நூலாகச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பகுதி, பசி ஏறும்போது ஒரு மனிதனுக்குள் என்னென்ன நடக்கிறது என்பதை உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அறிவு மங்குவதில் தொடங்கி கண், காது, நாக்கு, தோல், கை கால், பேச்சு, வயிறு என்று நகரும். காது அடைத்துக்கொள்வது வரைக்கும் சொல்கிறார். காது அடைப்பதை எந்தத் தகட்டில் எடுப்பது? மருத்துவக் குறிப்பின் நிதானமும் பட்டினி கிடந்தவரின் அனுபவமும் ஒன்றாக இருக்கிற எழுத்து. அது மட்டுமில்லை. நாளைக்கு என்ன செய்வது என்று கலங்குகிறவர், மானத்தால் கேட்க முடியாமல் வீட்டுக்குள் இருப்பவர், பிள்ளைகள் பசியோடு முகம் பார்ப்பதைத் தாங்க முடியாதவர் என்று ஆட்களையும் காட்டுகிறார். இவர்கள் யாருக்கும் எலும்பு தெரியவில்லை. ஹூப்பரின் தலைப்பில் இவர்கள் தகுதியற்றவர்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: தென்னார்க்காட்டின், மெட்ராஸ் மாகாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பசிக்கு ஆவணம் கேட்டால் ஹூப்பரின் ஆல்பத்துக்கு முன்னால் ஜீவகாருண்ய ஒழுக்கத்தை வைப்பேன். படத்தில் பசி பார்க்கப்படுகிறது, உரையில் பசி பேசுகிறது. படமில்லாத எழுத்தை நம்பிக்கையின் கணக்கிலும் எழுத்தில்லாத படத்தை உண்மையின் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிற பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. வரலாற்றுக் கட்டுரைகளில்கூட வள்ளலாரை மேற்கோளாக முகப்பில் வைத்துவிட்டு ஆதாரத்துக்கு ஹூப்பரிடம் போய்விடுகிறார்கள்.

படங்களே வேண்டாம் என்பதில்லை. நூற்றாண்டின் கடைசியில் ஒரு திருப்பம் வருகிறது. உலர் தகடு வந்து விலை இறங்கி, சிறு நகரங்களில் ஸ்டூடியோக்கள் திறக்கின்றன. இந்த முறை காசு கொடுப்பவரே படத்தில் இருக்கிறார். 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்து எண்மப்படுத்தும் வேலையை பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் செய்தன. அவற்றில் பொய் இல்லாமல் இல்லை. திரையில் வரைந்த மாளிகை, ஸ்டூடியோக்காரர் வைத்த நாற்காலி, மேஜைமேல் ஒரு புத்தகம். ஆனால் அந்தப் பொய் அவர்களுடைய பொய். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் புடவை, யார் உட்காருவது யார் நிற்பது என்பதையெல்லாம் ஒரு குடும்பம் பேசி முடிவுசெய்திருக்கிறது. பின்பக்கத்தில் சில சமயம் பெயர் எழுதியிருக்கும். அந்த வசதி இல்லாத பெரும்பாலோர் அந்த ஆல்பத்திலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹூப்பர் முன்னால் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்டூடியோ படி ஏற இன்னும் ரொம்ப நாள் ஆனது.

மாசிலாமணி முதலியார் எட்டு முறை ஏன் முயன்றார் என்று யோசிப்பதுண்டு. கதையின்படி முதல் தகட்டிலேயே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பிசின் பரப்பி, முக்கி, ஓடிப்போய்க் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி வந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவரும் எட்டு முறை உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போனதாகக் கதையில் இல்லை.